தொட்டிக்கரியும் ரேடார் அலையும்

உக்கடம் பெரியகுளத்தில் ஆகாயத்தாமரை மண்டும்போதெல்லாம் பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள். கரையில் குவித்தது காய்வதற்குள் தண்ணீரில் அடுத்த பச்சை தலைகாட்டிவிடுகிறது. உக்கடத்திலிருந்து தெற்கே இறங்கினால் பொள்ளாச்சி. அங்கே மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற தென்னைநார்க் கழிவைக் கொட்ட இடமில்லாமல் திணறிய காலம் ஒன்று உண்டு. இப்போது அதைக் கட்டியாக அழுத்திச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கிழக்கே போனால் காங்கேயம், வெள்ளகோவில். கொப்பரை எடுத்த தேங்காய்த் தொட்டிகள் அங்கே கரியாகச் சுடப்பட்டு மூட்டை மூட்டையாக லாரி ஏறுகின்றன.

களை, கழிவு, தொட்டி என்று மூன்றுக்கும் மூன்று விதி. வேதியியல்காரர் கண்ணுக்கு மூன்றும் கார்பன். அந்தக் கார்பனுக்கு உலகெங்கும் ஆய்வகங்களில் இப்போது ஒரு புது வேலை தேடுகிறார்கள். ரேடார், செல்போன், வைஃபை போன்ற மின்காந்த அலைகளை விழுங்க வேண்டும். அதே பொருள் வெப்பத்தையும் மறிக்க வேண்டும். இரண்டு வேலைக்கு ஒரே ஆள். கட்டுரைத் தலைப்புகளில் கார்பன்தான் முன்னால் நிற்கும். ஆனால் கார்பன் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் அதற்குள் இருக்கும் ஓட்டையைப் பற்றித்தான்: எத்தனை, எவ்வளவு பெரிது, எது எதோடு சேர்ந்திருக்கிறது.

ஓட்டை ஏன் வேண்டும் என்று கேட்டால் சூலூருக்குப் போக வேண்டும். கோவைக்குக் கிழக்கே உள்ள விமானப்படைத் தளம் அது. 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் தேஜஸ் போர் விமானங்களோடு தொடங்கிய 45ஆம் ஸ்குவாட்ரன் 2018இல் சூலூருக்கு வந்து சேர்ந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் ஸ்குவாட்ரனும் அங்கேயே தேஜஸைப் பெற்றது. தேஜஸின் உடற்கூட்டு எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. கார்பன் கறுப்பு, ஒளியை விழுங்குகிறது, ஆகவே ரேடாரையும் விழுங்கிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நீள நீளமாக, அடர்த்தியாக அடுக்கிய கார்பன் இழை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்படிக் கடத்தும் பொருளின் மேல் ரேடார் அலை விழுந்தால், மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் உடனே அசைந்து எதிர் அலையை எழுப்பி, வந்ததை வந்த வழியே அனுப்பிவிடும். உலோகத் தகடு செய்வதைத்தான் கார்பன் இழையும் பெருமளவு செய்கிறது.

ஆக, கார்பன் அதிகமாகக் கடத்தினால் அலை உள்ளேயே வராது. கடத்தவே இல்லையென்றால் உள்ளே வரும், மறுபக்கம் அப்படியே போய்விடும். நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அலை தயங்காமல் உள்ளே வர வேண்டும். வந்தபின் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே வெப்பமாகக் கரைய வேண்டும். முதல் பாதி ஒரு விதமான பொருளைக் கேட்கிறது, இரண்டாம் பாதி அதற்கு நேரெதிரானதைக் கேட்கிறது.

முதல் பாதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்புலம் பட்டதும் ஒரு பொருளுக்குள் மின்னூட்டங்கள் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணை விடுதிறன் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். காற்றுக்கு அது 1. ஒரு பொருளுக்கு 9 என்று வைத்துக்கொள்வோம். நேராக வந்து விழும் அலையில் 25 சதவீதம் முகப்பிலேயே திரும்பிவிடும். அதே எண் 1.5 ஆக இருந்தால் திரும்புவது வெறும் ஒரு சதவீதம். காற்றுக்கும் பொருளுக்கும் வித்தியாசம் குறையக் குறைய, எல்லையைக் கடந்ததே அலைக்குத் தெரியாது. கெட்டியான கார்பனின் விடுதிறனை 1.5க்கு இறக்குவது எப்படி? பத்தில் ஒன்பது பங்கு காற்றாக ஆக்கிவிட வேண்டியதுதான். துளையின் முதல் வேலை இது.

இதை முதலில் செய்தவர்கள் நானோ தொழில்நுட்பக்காரர்கள் இல்லை. ரேடார் பிறந்துகொண்டிருந்த 1936இலேயே நெதர்லாந்தில் கரிப்பொடியை வைத்து அலை உறிஞ்சிக்குக் காப்புரிமை பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் விலங்கு முடியைச் சுருட்டி மெத்தையாக்கி, அதைக் கரிப்பொடி கலந்த ரப்பர்ப் பாலில் முக்கி எடுத்து அறைச் சுவர்களில் ஒட்டினார்கள். முடிகளுக்கு நடுவே நிறையக் காற்று, முடியின் மேல் மெல்லிய கரிப்பூச்சு. இன்று ஆன்டெனா சோதிக்கும் அறைகளில் சுவரெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புகள் அந்த முடி மெத்தையின் வாரிசுகள்தான்: கரி ஊறிய பாலியூரித்தேன் நுரை. நுனியில் காற்று அதிகம், கரி குறைவு. அடிக்குப் போகப்போக கரி கூடும். அலைக்கு எல்லை எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில் மின்னணுக் கருவிகளைச் சோதிப்பது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

கூம்பு நல்ல வழிதான். ஆனால் அரையடி, ஓரடி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பை விமானத்திலோ செல்போனிலோ ஒட்ட முடியாது. ஆகவே சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். அங்கே ஒரு பழைய தந்திரம் உதவுகிறது. உறிஞ்சிக்குப் பின்னால் உலோகத் தகடு இருக்கும். முகப்பில் திரும்பும் அலையும், உள்ளே போய்த் தகட்டில் மோதித் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்கு உறிஞ்சியின் தடிமன், அதற்குள் அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். போர் விமான ரேடார்கள் பெரிதும் பயன்படுத்தும் 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் காற்றில் நீளம் 3 செ.மீ. கால் பங்கு 7.5 மி.மீ. விடுதிறன் 9 உள்ள பொருளுக்குள் அலைநீளம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், அங்கே 2.5 மி.மீ. போதும்.

துளை பெருகப் பெருக முகப்பில் திருப்பம் குறைகிறது, சரி. ஆனால் விடுதிறன் இறங்குவதால் கால் பங்கு கணக்கு தடிமனைக் கூட்டச் சொல்கிறது. மெல்லியதாக வேண்டுமா, தயங்காமல் உள்ளே விடுவதாக வேண்டுமா? இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. இந்தத் துறையின் பாதிச் சண்டை இதுதான்.

மீதிப் பாதி, உள்ளே வந்த அலையைக் கரைப்பது. அலையின் மின்புலம் கார்பன் சுவரில் எலெக்ட்ரான்களை நொடிக்கு ஆயிரம் கோடி முறை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுவரில் மின்தடை இருப்பதால் அந்த ஓட்டம் சூடாகிறது. கார்பனும் காற்றும் சந்திக்கும் எல்லைகளில் மின்னூட்டம் தேங்கி, புலம் திரும்பும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும்போதும் ஆற்றல் வெப்பமாகிறது. கார்பன் அணுக்களின் அடுக்கில் உள்ள குறைகள், ஒட்டிக்கொண்ட ஆக்ஸிஜன், நைட்ரஜன் அணுக்கள் எல்லாம் தம் பங்குக்கு இழுத்துக்கொள்கின்றன. துளை நிறைந்த பொருளில் கார்பன் சுவரும் காற்றும் சந்திக்கும் பரப்பு மிக அதிகம். நல்ல தொட்டிக்கரியை நீராவியால் கிளர்வூட்டினால் ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட் நிலம்.

எவ்வளவு சூட்டில் சுடுவது என்பதுதான் இங்கே கைப்பக்குவம். 400, 500 டிகிரியில் சுட்ட கரி ஏறக்குறைய மின்கடத்தாப் பொருள். 700, 800 என்று ஏற்றினால் கடத்துத்திறன் பல்லாயிரம் மடங்கு துள்ளும். இன்னும் ஏற்றினால் கடத்தல் மிஞ்சி அலையைத் திருப்பத் தொடங்கும். ஆகவே 600க்கும் 900க்கும் நடுவே சில பத்து டிகிரிகளுக்காக ஆய்வாளர்கள் மாதக் கணக்கில் உலையடியில் நிற்கிறார்கள். எந்த மரம், எந்த மட்டை, எந்த உலை என்பதைப் பொறுத்து அந்தச் சரியான சூடு இடம் மாறும். ஒருவர் கட்டுரையில் இருந்த டிகிரியை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தொட்டிக்கரியின் குணத்தை விளக்கும் மூலக் கட்டுரை 1951இல் வந்தது. எழுதியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டிஎன்ஏ படத்தால் பெயர் பெற்ற அதே ஃபிராங்க்ளின்தான். அதற்கு முன் அவர் நிலக்கரிக்காரர். போர்க்காலத்தில் பிரிட்டனின் நிலக்கரி ஆய்வுச் சங்கத்தில் கரியின் நுண்துளைகளை அளந்தவர். பின்பு பாரிஸில் எக்ஸ்ரே கொண்டு கார்பன்களைப் படித்தார். சில கார்பன்கள் 2,000, 3,000 டிகிரிக்குச் சூடேற்றினால் அடுக்கு சீராகி கிராஃபைட் ஆகின்றன. சில எவ்வளவு சூடேற்றினாலும் ஆவதில்லை என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆகாத கூட்டத்தில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து கிடக்கின்றன. நகர்ந்து சீராக இடமில்லை. நடுவே நுண்துளைகள் சிக்கிக்கொள்கின்றன. தேங்காய்த் தொட்டிக் கரி இந்தக் கூட்டம். அலை உறிஞ்சிக்கும் வெப்பக் காப்புக்கும் இது நல்ல செய்தி. கிராஃபைட் அடுக்கு சீராகிவிட்டால் எலெக்ட்ரானும் வெப்பமும் இரண்டுமே தடையின்றி ஓடும். நமக்கு இரண்டும் வேண்டாம்.

இனி வெப்பத்துக்கு வருவோம். வெப்பம் ஒரு துளைப் பொருளைக் கடக்க மூன்று வழி உண்டு. திடச் சுவர் வழியாக, துளைக்குள் இருக்கும் காற்று வழியாக, கதிர்வீச்சாக. சுவர் வழி, வயலில் நேரே குறுக்கே போக முடியாதவன் வரப்பு வரப்பாகச் சுற்றிப் போவது மாதிரி. சுவர் மெலிந்து, வளைந்து, அங்கங்கே அறுந்திருந்தால் வெப்பம் போய்ச் சேர நேரமாகும். காற்றைப் பொறுத்தவரை, அது அசையாமல் இருந்தாலே சிறந்த காப்பு. அசையாக் காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட்தான், செம்புக்கு 400. துளை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் காற்று உள்ளே சுழல முடியாது. துளையை இன்னும் சுருக்கி 70 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் இன்னொன்று நடக்கிறது. காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாகப் போகும் தூரம் அவ்வளவுதான். அதைவிடச் சின்ன அறைக்குள் அடைத்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிச் சூட்டைக் கைமாற்றுவதற்குப் பதிலாகச் சுவரில் முட்டிக்கொண்டே கிடக்கும். காற்றைவிட மோசமாகக் கடத்தும் பொருள் இப்படித்தான் பிறக்கிறது. 1931இல் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்லர் செய்துகாட்டிய ஏரோஜெல் இந்த வகை. 1989இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் பெகாலா கரிமப் பிசினில் அதே நுட்பத்தைச் செய்தார். அதைக் காற்றில்லாமல் சுட்டால் கார்பன் ஏரோஜெல்.

மூன்றாவது வழியான கதிர்வீச்சில்தான் கார்பனின் கறுப்பு கைகொடுக்கிறது. அறை வெப்பத்தில் பொருள்கள் உமிழும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 10 மைக்ரான் அளவில் உச்சம். 700 டிகிரியில் 3 மைக்ரான். வெள்ளையான சிலிகா ஏரோஜெல் அந்த 3 மைக்ரான் கதிரைக் கண்ணாடி போல ஊடுருவ விட்டுவிடும். அதனால் அதற்குள்ளேயே கரிப்பொடி கலப்பதுண்டு. கார்பனே சுவராக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேடார் அலையும் சூட்டுக் கதிரும் ஒரே சாதி, இரண்டும் மின்காந்த அலை. நீளத்தில் மட்டும் மூவாயிரம் மடங்கு வித்தியாசம். இதனால் ஒரே துளை இரண்டுக்கும் இரண்டு விதமாகத் தெரிகிறது. 50 மைக்ரான் துளை, 10 மைக்ரான் நீளமுள்ள அகச்சிவப்புக் கதிருக்குச் சுவர் வைத்த அறை. மோதும், சிதறும், உறிஞ்சப்படும். 3 செ.மீ. நீளமுள்ள ரேடார் அலைக்கு அந்தத் துளை கண்ணிலேயே படாது. அப்படி 600 துளைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு அலைநீளம் வரும். அதற்குத் தெரிவதெல்லாம் கார்பனும் காற்றும் கலந்த ஒரு சராசரிப் பொருள்.

ஆனால் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் படத்தில், ரேடார் அலை ஒரு அம்புக்குறியாகத் துளைக்குள் நுழைந்து, சுவருக்குச் சுவர் பந்து போல முட்டித் தெறித்துக் களைத்துப்போவதாக வரைந்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். மைக்ரான் துளைக்கும் சென்டிமீட்டர் அலைக்கும் அந்தப் படம் பொருந்தாது. பல துளைகள் சேர்ந்து விடுதிறனை இறக்குவதும், சுவர்களின் வலைப்பின்னல் மின்னோட்டத்துக்குப் பாதை தருவதும், எல்லைகளில் மின்னூட்டம் தேங்குவதும்தான் உண்மையான வேலை. படத்தை நம்பித் துளையின் வடிவத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பவர் நேரத்தை வீணாக்குகிறார் என்பது என் எண்ணம்.

இன்னொரு வழக்கமும் எனக்கு உறுத்தல். உறிஞ்சும் திறனை டெசிபலில் சொல்வார்கள். மைனஸ் 10 என்றால் 90 சதவீதம் உறிஞ்சியது. மைனஸ் 20 என்றால் 99. மைனஸ் 60 என்று தலைப்பிலேயே போட்டுக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் திரும்பியது என்று அர்த்தம். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், கார்பனைப் பொடித்து, உருகிய பாரஃபின் மெழுகில் கலந்து, 7 மி.மீ. வெளிவிட்டமுள்ள சின்ன வளையமாக அழுத்தி, விடுதிறனை அளந்திருப்பார்கள். தடிமனை மாற்றி மாற்றிக் கணினியில் கணக்குப் போட்டு, எந்தத் தடிமனில் எந்த அதிர்வெண்ணில் வரைபடத்தின் பள்ளம் ஆழமாக விழுகிறதோ அந்த எண்ணை எடுத்திருப்பார்கள். உண்மையான பலகை செய்து, மேலே அலை அடித்துப் பார்த்தது அபூர்வம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே அந்தப் பள்ளம் காணாமல் போகும். அதைவிடச் சங்கடம், அலை உறிஞ்சுவதை மெழுகில் கலந்த பொடியில் அளப்பார்கள். வெப்பக் காப்பை முழுக் கட்டியில் அளப்பார்கள். மெழுகு புகுந்தபின் துளை துளையாகவா இருக்கும்? இரண்டு பொருள்களின் சான்றிதழ்களை ஒரே பொருளின் மேல் ஒட்டுகிற காரியம் இது.

அந்த மைனஸ் 60ஆல் பெரிய லாபமும் இல்லை. ரேடார் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் தூரம், அந்தப் பொருள் திருப்பி அனுப்பும் அலையின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. திரும்பும் அலையில் 90 சதவீதத்தைக் குறைத்தால் 100 கிலோமீட்டரில் தெரிந்தது 56 கிலோமீட்டரில் தெரியும். 99 சதவீதத்தைக் குறைத்தால் 32. அதற்கு மேல் பூச்சை எவ்வளவு மேம்படுத்தினாலும், இறக்கையின் ஓரமும் காற்று புகும் வாயும் தகடுகளின் இணைப்பும் திருப்பி அனுப்புவதுதான் மிஞ்சும். ஆகவே பள்ளத்தின் ஆழத்தைவிட அகலமே முக்கியம். எத்தனை கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுகிறது என்று கேட்பவரே விஷயம் தெரிந்தவர்.

தடிமன் பற்றி முன்னே சொன்ன சண்டைக்கு வெப்பக் காப்பு ஒரு சமாதானம் தருகிறது. அலை உறிஞ்சியை மட்டும் விற்கப் போனால், துளை அதிகமான பொருளின் தடிமன் ஒரு குறை. வாடிக்கையாளர் 2 மி.மீ. கேட்பார், நாம் 8 மி.மீ. நீட்டுவோம். வெப்பக் காப்புக்கு யாரும் 2 மி.மீ. கேட்பதில்லை. அங்கே எப்படியும் சென்டிமீட்டர் கணக்கில் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த இடத்துக்குள்ளேயே அலை வேலையும் முடிந்துவிட்டால் தடிமன் இலவசம். இரண்டு வேலையை ஒரு பொருளில் சேர்ப்பதற்கு எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் இதுதான். வெயிலில் காயும் செல்போன் கோபுரக் கருவிப் பெட்டி, சூடாகும் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காரின் மின்னணுப் பலகை போன்ற இடங்களில் இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

இந்தக் கணக்கோடு கொங்கு நாட்டுச் சரக்கைப் பார்க்கலாம். தொட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். சுட்டால் எடையில் முப்பது சதவீதம் போலக் கரி கிடைக்கும். அதை 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவி கொண்டு அரித்தால் கார்பனில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாகப் போய்விட, மிஞ்சுவது குடிநீர் வடிகட்டியிலும் தங்கம் பிரிக்கும் ஆலையிலும் பயன்படும் கிளர்வூட்டிய கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கியது இந்தத் தொழிலுக்காகத்தான். ஆனால் தொட்டிக்கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு. கடினமான, கனமான சின்னத் துண்டுகள். தண்ணீரில் உள்ள மூலக்கூறைப் பிடிக்க அது அருமை. வெப்பக் காப்புக்குத் தனியாக நின்றால் தேறாது. கட்டி லேசாக இல்லை. அரைத்துப் பொடியாக்கி வேறொரு நுரையில் கலக்கும்போது அலையைக் கரைக்கிற பங்கை அது எடுத்துக்கொள்ளும். குழியில் சுட்ட சாதாரணக் கரியை அப்படியே அரைத்தால் போதாது. கடத்தல் வரும் அளவுக்கு மறுபடி சூடேற்ற வேண்டும். கரி சுடும் குழிகளின் புகையும், கரியைத் தணித்த கறுப்புத் தண்ணீரும் கிணறுகளைக் கெடுப்பதாகத் திருப்பூர் மாவட்ட விவசாயிகள் சொல்வது பழைய புகார். மூடிய உலைக்கு மாறினால் புகையையே எரிபொருளாக்கலாம், சூடும் ஒரே சீராக வரும். அலை உறிஞ்சிக்கு அந்தச் சீர் இல்லாமல் முடியாது.

தென்னைநார்க் கழிவு வேறு ரகம். லேசானது, செடிக்கு விறைப்பு தரும் லிக்னின் மிகுந்தது, அணுவறைச் சுவர்கள் ஏற்கெனவே இறுகியவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காளான் கொண்டு இதை மட்கவைத்து உரமாக்கும் முறையைக் கொடுத்திருக்கிறது. அந்த லிக்னின் மட்க மறுப்பதால்தான் காளான் தேவைப்பட்டது. உரத்துக்குத் தலைவலியான லிக்னின், கரியாக்கும்போது நன்மை; சுட்டாலும் உருவம் குலையாது. துளைச் சுவர் நிற்கும். என்னைக் கேட்டால் மூன்றில் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

ஆகாயத்தாமரை பார்க்கும்போது ஆசை காட்டும். அதன் காம்பை நறுக்கினால் உள்ளே காற்றறைகள் வரிசை வரிசையாக இருக்கும், மிதப்பதே அவற்றால்தான். இயற்கையே நுரை செய்து கொடுத்திருக்கிறது, சுட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ அள்ளினால் கடைசியில் கையில் இரண்டு மூன்று கிலோ கார்பன். வெயிலில் காய வைத்தால் தண்ணீர் வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும். ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளையில் அந்த இழுப்பு காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. 10 நானோமீட்டர் துளையில் 140 மடங்கு. இளஞ்சுவர் அப்பளமாக ஒட்டிவிடும். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் துளை பிழைக்கும், மின்கட்டணம் பிழைக்க விடாது. குளத்துக்குள் வரும் சாக்கடையைப் பொறுத்து செடி உறிஞ்சும் உலோகமும் உப்பும் மாதத்துக்கு மாதம் மாறும். பொட்டாசியம் கூடினால் சுடும்போது துளை பெருகும், குறைந்தால் குறையும். ஒரே அளவில் சரக்கு கேட்கும் ஆலைக்கு இது ஒத்துவராது. அமிலத்தில் கழுவிச் சீராக்கலாம் என்றால் அந்தக் கழுவுநீரை எங்கே விடுவது? சாயக்கழிவால் பட்டது போதாதென்று நொய்யல் ஆற்றுக்கு இன்னொன்றா?

பொட்டாசியத்துக்கு மற்றொரு வேலையும் தெரியும். கரியைச் சீக்கிரம் பற்றவைக்கும். துளை நிறைந்த கார்பன் காற்றில் 400 டிகிரியை ஒட்டியே எரியத் தொடங்கும். சாம்பல் உப்பு இருந்தால் அதற்கும் கீழே. கோவை வார்ப்படப் பட்டறைகளின் 1,500 டிகிரி உலைக்குக் கார்பன் நுரையைப் போர்த்தலாமா என்று யாராவது கேட்டால், திறந்த உலைக்கு வேண்டாம் என்பதே பதில். காற்றை வெளியேற்றிய வெற்றிட உலைக்குள் அதே கார்பன் 2,000 டிகிரியையும் தாங்கும். அங்கே கார்பன் கம்பளிதான் வழக்கமான காப்பு. போர் விமானச் சூடு பற்றியும் மிகைப்படுத்துவது உண்டு. உயரத்தில் மைனஸ் 56 டிகிரிக் காற்றில் மாக் 2 வேகத்தில் பறந்தால் மூக்கு நுனியில் அதிகபட்சம் 117 டிகிரிதான். மாக் 5ஐத் தொட்டால் 1,000 டிகிரியைத் தாண்டும். முதலாவதற்குக் கார்பன் போதும். இரண்டாவதற்குச் சிலிக்கன் கார்பைடு போன்ற பீங்கான் பூச்சு இல்லாமல் அது நிற்காது.

விழுங்கிய அலை எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. அது வெப்பமாகிறது, அந்த வெப்பத்தை வெளியே விடாதபடி நாமே காப்புச் செய்து வைத்திருக்கிறோம். நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரேடாரிலிருந்து வருவது சதுர மீட்டருக்குச் சில மில்லிவாட் என்பதால் விமானத்துக்குக் கவலை இல்லை. சக்திவாய்ந்த ஆன்டெனாவுக்கு நேரே வைத்தால் கதை வேறு. சோதனை அறைகளின் நுரைக் கூம்புகளுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் போல, அதாவது உச்சி வெயில் அளவில், வரம்பு வைத்திருப்பது அதற்காகவே. மீறினால் உள்ளே கனன்று தீப்பிடிக்கும்.

தீயைவிட அன்றாடத் தொல்லை ஈரம். ஐப்பசி மழையில் காற்றின் ஈரப்பதம் ஏறும்போது கிளர்வூட்டிய கரி தன் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் நீரைக் குடித்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் தண்ணீரின் விடுதிறன் 60ஐ ஒட்டியது, பாடுபட்டு 1.5க்கு இறக்கிய முகப்பு மறுபடி அலையைத் திருப்பத் தொடங்கும். தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் காற்றைப்போல 23 மடங்கு. காப்பும் அதே நேரத்தில் போய்விடும். இரண்டு வேலையையும் செய்தது ஒரே துளை என்பதால், அதில் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடுகின்றன. சிலிகோன் பூச்சால் துளைச் சுவரை நீர் ஒட்டாததாக்கலாம். பூச்சும் ஒரு பொருள்தானே, அதற்கும் ஒரு விடுதிறன் உண்டு. ஆகவே பூசிய பலகையை, மெழுகில் கலந்த பொடியாக இல்லாமல் பலகையாகவே, ஒரு மழைக்காலம் வெளியே வைத்திருந்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.